கத்தியின் முதுகு

உங்களில் எத்தனை பேருக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது? ஆண்பிள்ளைகள் முகம் மழிக்கும்போது வருமே, சரசரவென்று, அதுதான். ரப்பர் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சத்தம். பக்கத்து வீட்டில் கறிக்கு மசாலா அரைப்பார்கள், குழாயடியில் துணி அடிப்பார்கள், ரம்புத்தான் மரத்தடியில் பெரியப்பாவின் கன்னத்தில் முடிவெட்டுகிற பண்டிதரின் கத்தி இறங்கும். மூன்று சத்தமும் சேர்ந்தால்தான் இன்றைக்கு வேலை இல்லை என்று மனசுக்குப் படும்.

என் பேரன் முகம் மழிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். குளிக்கும்போதே, கண்ணாடிகூட இல்லாமல், ஐந்து பிளேடு வைத்த ஏதோ ஒன்றால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுகிறான். நுரை டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வருகிறது. சத்தமே கிடையாது. நன்றாகத்தான் மழிக்கிறது, குறை சொல்லவில்லை. பழசின் அருமை இவனுக்குத் தெரியவில்லையே என்று அழுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தில் எத்தனை பேர் தாடையில் காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. ஒரு மாப்பிள்ளையைப் பற்றி நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. அந்த மாப்பிள்ளை என் அக்காவின் கணவர். கதையைக் கிளப்பிவிட்டது என் வாய். அது தப்பான கதை என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் இருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பெயர் எதையும் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

எனக்கு அப்போது பத்து வயது. பெடாஸிலிருந்து மூன்று மைல் உள்ளே எங்கள் எஸ்டேட். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பால்மரம் வெட்டினாள், ரப்பர்ப்பால் எடுக்கிற வேலை. பெரியப்பாதான் எங்கள் குடும்பத்துக்கு எல்லாம். அவர் மண்டோர், நாற்பது ஆட்களை வேலை வாங்குகிறவர், அந்தக் குரலை வீட்டிலும் கழற்றி வைக்க மாட்டார். மீசை மட்டும் அவ்வளவு அழகு. அதன் இரண்டு முனையையும் ஒரே அளவில் ஒதுக்க எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு கைக்குத்தான் தெரியும் என்பார்.

அந்தக் கைக்காரர்தான் பண்டிதர். முடிவெட்டுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பெடாஸிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் மரப்பெட்டி. அதைத் திறந்தால் படிகாரமும் சோப்பும் கலந்த ஒரு வாசனை வரும். தோல்வாரின் ஒரு முனையை மரத்து ஆணியில் மாட்டி, கத்தியை இப்படியும் அப்படியும் தீட்டுவார். மடக்குக் கத்தி. மஞ்சளேறிய எலும்புப் பிடி. பிடியில் ஒரு விரிசல், அதைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருப்பார். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கத்தி வரும்போது, நாற்பது ஆட்களை ஆட்டிப் படைக்கிற பெரியப்பா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நான் போய் நிற்பேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொண்டையை நம்பி அவர் கையில் கொடுத்த அதே ஆட்கள், அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிக் குவளை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் இருந்தது. பின்வாசல் தூணில் ஒரு ஆணி, அதில் தொங்கும் தகரக் குவளை. நான்தான் பல தடவை எடுத்துக் கழுவிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா கல்யாணத்துக்கு முந்திய மூன்று மாதம், எங்கள் லயத்து ஆண்கள் அத்தனை பேர் முகத்திலும் முள்முள்ளாகத் தாடி. பண்டிதர் வருவார், மிஷினை வைத்துத் தலைமுடி வெட்டுவார், முகத்துக்கு மட்டும் கைவைக்க மாட்டார்.

"கத்தி சிரம்பான்ல சாணைக்குக் குடுத்திருக்கு, மண்டோரையா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

அடுத்த வாட்டியும் அதேதான். "சாணை புடிக்கிறவனுக்கு ஒடம்பு சரியில்லையாம்" என்பார், அல்லது வேறு ஏதாவது. பெரியப்பா சந்தோஷமாக இருந்தால் என்னைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் தேய்ப்பார். அந்த மூன்று மாதமும் அவர் சந்தோஷமாக இருப்பது தெரிந்தால் நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வேன். ஒரு கத்தியைச் சாணை பிடிக்க மூன்று மாதம் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பண்டிதரைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

இனி மாப்பிள்ளை. சிரம்பானுக்கும் தம்பினுக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். சொந்த வீடு மந்தினில். காக்கி உடுப்பு, எண்ணெய் வைத்து வாரிய முடி, தினமும் மழித்த முகம். கம்பெனியில் அப்படித்தான் வரவேண்டுமாம். அக்கா சனிக்கிழமை தோறும் பெடாஸில் தையல் படிக்க அந்த பஸ்ஸில்தான் போவாள். யார் யாரை முதலில் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் துணிப்பெட்டியில் பழைய பஸ் டிக்கெட்டுகள் ஒரு கட்டாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்த கையோடு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னை லயத்தில் ‘ரேடியோ’ என்று கூப்பிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டை வாய் என்று சொல்லாமல் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நல்லவேளை, அந்தச் செய்தியால் நன்மைதான் நடந்தது. ஆள் விட்டுப் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முறையோடு வந்து பெண் கேட்டார்கள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார், மனசில்லாமல்தான். "டவுன்காரன் லா. நம்மளப் பாத்தா அவனுக்கு ஏளனமா இருக்கும்" என்று பெரியம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அதையும் நான் அக்காவிடம் சொல்லாமல் இருக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குள் மாப்பிள்ளைச் சவரம் என்று ஒரு சடங்கு உண்டே. தாலி கட்டும் நாள் காலையில், கோயில் முன்னால் பலகை போட்டு, மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, எல்லோரும் சுற்றி நிற்க, பண்டிதர் முகம் மழிப்பார். கிண்ணத்துத் தண்ணீரில் கொஞ்சம் பால் ஊற்றுவார்கள். அது முடிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குக் குளியல், புது வேட்டி. பண்டிதருக்கும் தட்டில் வேட்டி, அரிசி, வெற்றிலை எல்லாம் வைத்து மரியாதை. வருஷம் முழுக்கப் பின்வாசலில் நின்று தேத்தண்ணி குடிப்பவர், அன்று ஒரு நாள் சபைக்கு நடுவில் நின்று, திரும்பு என்றால் மாப்பிள்ளை திரும்ப வேண்டும். ‘கத்தி வந்துருச்சு’ என்று பண்டிதரும் முந்தின ஞாயிறே சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து ஆயாக் கொட்டகையில் தங்கினார்கள். நம் அம்மாமார்கள் வேலைக்குப் போகும்போது நம்மை விட்டுவிட்டுப் போவார்களே, அதே கொட்டகைதான். காலையில் எழுந்ததும் அம்மா ஒரு பெரிய தூக்கில் கோப்பியை ஊற்றி, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பசியாறுறதுக்கு முந்தி கொண்டுபோய்க் குடு" என்று என்னை அனுப்பினாள். கொட்டகைக்குள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைக் காணோம். பின்பக்கம் போனேன்.

குழாயடியில் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். சுவர் ஆணியில் ஒரு சின்னக் கண்ணாடி. முகம் முழுக்க வெள்ளை நுரை. கையில் பளபளவென்று ஒரு சாமான். கத்தி இல்லை. ஒரு விரல் நீளக் கைப்பிடி, தலையில் குறுக்காக ஒரு தகடு. கன்னத்தில் வைத்து இழுத்தார், சரசரவென்று அந்தச் சத்தம் வந்தது, இழுத்த இடத்தில் நுரை விலகிப் பாதை விழுந்தது. வார் இல்லை, தீட்டுவது இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இல்லை. தனக்குத் தானே, நின்றபடியே, மெல்ல விசிலடித்துக்கொண்டே மழிக்கிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஒரு நொடி கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தார்.

"பாப்பா, இங்க வா. இதத் திருப்பிப் பாரு."

கைப்பிடியின் அடியில் ஒரு திருகு. திருப்பினேன். தலைத் தகடு ஜன்னல் கதவு போல இரண்டு பக்கமும் திறந்தது. உள்ளே பிளேடு. எதிர்ப்பக்கம் திருப்பினேன், மூடிக்கொண்டது. அப்படி ஒரு சாமானை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. நாலைந்து தடவை திறந்து மூடிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னார்:

"நான் மழிச்சத யார்கிட்டயும் சொல்லாதே, என்ன?"

நான் தலையை ஆட்டினேன். சத்தியமாகச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். கொட்டகையிலிருந்து எங்கள் லயம் வரைக்கும் சொல்லாமல் நடந்தேன். வாசலில் பெரியம்மா மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, மாப்பிள்ளகிட்ட ஒரு மிஷின் இருக்கு. திருப்பினா கதவு தொறக்குது. அதுலயே முகத்த மழிச்சுட்டாரு."

பெரியம்மா கையிலிருந்து மாவிலை விழுந்தது.

பெரியப்பா காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கோயிலுக்கு முன்னால் பலகை போட்டாயிற்று, மேளக்காரர்கள் வந்தாயிற்று, பண்டிதர் பெட்டியோடு நிற்கிறார். மாப்பிள்ளையை அழைத்து வந்ததும் பெரியப்பா நேராகப் போய் முகத்தைப் பார்த்தார். பார்த்தால் தெரியாதா, பச்சைப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, நீங்களே மழிச்சுக்கிட்டீங்களாமே?"

"ஆமாங்க. தெனம் நானே மழிச்சுப் பழக்கம். பெரியவங்க மன்னிக்கணும்."

"இன்னிக்கு என்ன சடங்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும். நாலு பேரு முன்னாடி ஒக்காந்து மழிச்சுக்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதான்."

"பஸ்ஸுல மணி அடிக்கிறவருக்கு எஸ்டேட்டுக்காரன் கத்தி ஆவல. அப்படித்தானே? எங்க கத்தி படாத மூஞ்சிக்கு எங்க பொண்ணு எதுக்கு? மேளத்த நிறுத்தச் சொல்லு லா."

நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா கூறைச்சேலைக்காகக் காத்துக்கொண்டு பாதி அலங்காரத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரோ எனக்கு முன்னாலேயே வந்து சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. "நீயா சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். என் வாயில் பேச்சு வராத முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் கோயிலுக்கு ஓடினேன்.

நான் போனபோது பண்டிதர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சபையில் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"மண்டோரையா, மாப்பிள்ளை முகத்துல கத்தி படணும். அவ்வளவுதான் சடங்கு. முடி உழுவணும்னு யாரு சொன்னா? அவரப் பலகையில ஒக்காரச் சொல்லுங்க."

பெரியப்பாவுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் பண்டிதர் சொல்தான் சொல். மாப்பிள்ளை உட்கார்ந்தார். பண்டிதர் பால் கலந்த தண்ணீரைத் தொட்டு, மழித்த முகத்தில் மறுபடியும் நுரை போட்டார். கத்தியை விரித்தார். விரித்த கத்தியைத் திருப்பி, கூரான பக்கம் வெளியே இருக்க, முதுகுப் பக்கத்தைக் கன்னத்தில் அழுத்தி இழுத்தார். நுரை வந்தது. சத்தம் வரவில்லை.

முதலில் பார்த்தவர் பெரியப்பா. அப்படியே நின்றவர், கொஞ்ச நேரத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா லா, பண்டிதர் கத்தியத் திருப்பிப் புடிச்சாரு. இந்த மூஞ்சிக்கு முதுகு போதும்ங்கறாரு."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேளக்காரர்களும் சிரித்தார்கள். கோபம் எல்லாம் சிரிப்பில் போய்விட்டது, மேளம் மறுபடியும் தொடங்கியது. நுரைக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆனால் அவர் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப நாளைக்குப் புரியாமல் இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மீதி உங்களுக்கே தெரியும். ‘முதுகுக் கத்தி மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்தது. பண்டிதருக்கு எஸ்டேட்டில் தனி மதிப்பு வந்தது, டவுன்காரன் திமிரை ஒரே இழுப்பில் அடக்கிய ஆள் என்று. இரண்டு வாரம் கழித்து அவர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது என்ன தெரியுமா? அந்தத் திருகு வைத்த மிஷின். அன்றிலிருந்து அவர் அதில்தான் எல்லோருக்கும் முகம் மழித்தார். முள்தாடிக் காலம் முடிந்தது. "மாப்பிள்ளையோட மிஷினையே அபராதமாப் புடுங்கிட்டாரு" என்று நாம் அதற்கும் சிரித்தோம். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இன்னும் ஆறேழு வருஷம் வந்துகொண்டிருந்தார். பிறகு சுவா என்ற ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டார், அங்கேயே முடிந்தார்.

பெரியப்பா மட்டும் மறக்கவில்லை. மந்தினில் அக்கா வீட்டுக்கு அவர் கடைசி வரைக்கும் போகவில்லை. குழந்தை பிறந்தபோதுகூடப் பெரியம்மாவைத்தான் அனுப்பினார். "கத்தியவே தானே புடிக்கிறவன், நமக்குச் சோறு போடுவானா" என்பார். அத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் எஸ்டேட்டுக்கு வந்து அவர் காலில் விழுந்துவிட்டுப் போவார். ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி போன மாதம். என் வீட்டில் கூரை மாற்றுகிறார்கள் என்று மந்தினை விட்டுச் சிரம்பானுக்கு மாறிவிட்ட அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். அத்தானுக்கு எண்பது தாண்டிவிட்டது. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தும் மங்கல்தான். ஆனாலும் தினமும் காலையில் பக்கத்து வீட்டு அம்மாவோடு கைகோத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவாள். மூன்றாம் நாள் அவள் போன பிறகு, குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. அத்தான் தாடையில் அங்கங்கே கடுகு கடுகாக ரத்தம். கீழே கிடந்தது ரேசர். பழைய மாதிரிதான், திருகு வைத்தது, முன்னதுக்குத் தம்பி மாதிரி. மகன் வாங்கித் தந்த கரண்டு மிஷின் பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் இருந்தது. "அது வண்டு மாதிரி கத்துது" என்று அதைத் தொடவே மாட்டார்.

அவர் கை ஆடிக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட காமிச்சாச்சு பாப்பா, மாத்திர குடுத்திருக்காங்க. வயசு லா" என்றார். நான் எழுபது வயதிலும் அவருக்குப் பாப்பாதான்.

பிளாஸ்திரி தேடி அவர் மேசை இழுவறையைத் திறந்தேன். பழைய பஸ் விசில் ஒன்று, மூக்குக்கண்ணாடி உறை, அடியில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தேன். மஞ்சளேறிய எலும்புப் பிடி. செப்புக் கம்பி கட்டு.

"அத்தான், இது பண்டிதர் கத்தியில்ல? எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தி அவரு என் பஸ்ஸுல ஏறினாரு. டிக்கெட்ட நீட்டினேன். வாங்குன கையில அந்தத் தாளு ஆடிச்சு. நான் பாத்தத அவரும் பாத்துட்டாரு. எறங்குறதுக்கு முந்தி கிட்ட வந்து காதுல சொன்னாரு. தம்பி, மூணு மாசமா கை நிக்கல. சாணைக்குப் போயிருக்குன்னு சொல்லிச் சொல்லி ஓட்டிக்கிட்டிருக்கேன். உங்க கல்யாணத்துல அப்படிச் சொல்ல முடியாது. சபையில உங்க முகத்துல ரத்தம் வந்துட்டா அப்புறம் ஒருத்தனும் என்கிட்ட கழுத்த நீட்ட மாட்டான். வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைங்க. காலையில நீங்களே ஒருதரம் மழிச்சுக்கிட்டு வந்துடுங்க, நான் நொரையப் போட்டுக் கத்தி முதுகால இழுத்துடுறேன்னாரு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப பெரியப்பா திட்டுனப்போ..."

"வேற என்ன சொல்லச் சொல்ற? எனக்கு வெக்கமா இருந்துச்சுன்னு சொன்னேன். எனக்கு அதுல ஒண்ணும் கொறஞ்சு போகல. மறுநாளே அந்த மிஷின அவருக்குக் குடுத்துட்டேன். அதுல பிளேடு ஓரம் மட்டும்தான் வெளிய தெரியும், கை ஆடினாலும் ஆழமா எறங்காது. அவரு இந்தக் கத்தியக் கொண்டாந்து என் கையில வச்சாரு. வேணாம்னு சொன்னா கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பா அவர் வீட்டு வாசலை மிதிக்காமலே போய்ச் சேர்ந்தது ஞாபகம் வந்தது. அக்காவின் சில்லென்ற கை ஞாபகம் வந்தது. "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இதெல்லாம் இல்ல அத்தான்" என்றேன்.

"நீ சொன்னதுனாலதான் தப்பிச்சோம்" என்றார். "சும்மா யோசிச்சுப் பாரு. நீ சொல்லலைன்னா எல்லாரும் அவரு கையத்தான் பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க. கத்தி ஏன் திரும்பியிருக்கு, சத்தம் ஏன் வரலைன்னு உங்க பெரியப்பா கேட்டிருப்பாரு. நீ சொன்ன பிற்பாடு எல்லாரும் என் திமிரத்தான் பாத்தாங்க. அவரு கைய ஒருத்தனும் பாக்கல."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ, நிஜமாகவே அப்படித்தானோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அந்த மனுஷனை நாம் அறுபது வருஷமாகத் திமிர் பிடித்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இதை ஊருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். யோசித்தார். "பண்டிதரோட பேத்தி இன்னும் சுவாவுலதான் இருக்கு. யாரு பேரும் சொல்லாம சொல்லு" என்றார். அதனால்தான் பெயர் எழுதவில்லை. நம் ஆட்களுக்குப் பெயர் தேவைப்படாது.

பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். சோப்பைக் குழைத்து நுரை போட்டேன். ரேசரை எடுத்து, கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே மெல்ல இழுத்தேன். சரசரவென்று அந்தச் சத்தம் வந்தது. எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்கிறேன். கழுத்துக்குழிக்கு வந்தபோது அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டார், பெரியப்பா மாதிரியே. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் முடித்தேன் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

"உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா தானே மழிச்சு விடறேன்னு வந்து நிப்பா" என்றார். "அவளுக்குக் கண்ணு தெரியாது. வேணாம்னா மனசு ஒடஞ்சு போவா. சரின்னா என் மூஞ்சி ஒடஞ்சு போகும்." ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லாதே, என்ன?"

என் வீட்டுக் கூரை வேலை முடிந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் காலை பஸ்ஸில் நான் இன்னும் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அவள் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து. அவளால் இதையெல்லாம் படிக்க முடியாது என்ற தைரியத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் முதல் தடவை மழித்துவிட்ட அன்றைக்கு அக்கா கோயிலிலிருந்து வந்தாள். நாங்கள் இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரி கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் அத்தானுக்குத் திருநீறு பூச வந்தவள், நெற்றியைத் தேடிய கை கன்னத்தில் பட்டதும் நின்றாள். இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் தடவிப் பார்த்தாள்.

"இன்னிக்கு வழவழன்னு இருக்கே. யாரு மழிச்சா?"

"நானேதான்" என்றார் அத்தான். "தெனம் நானே மழிச்சுப் பழக்கம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவா லா?"

அத்தான் அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார், நுரைக்கு நடுவிலிருந்து அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. என் வாயில் ஒரு வாய் கோப்பி இருந்தது. சூடு நாக்கைச் சுட்டது. விழுங்கினால் பேசிவிடுவேன் என்று தெரியும். விழுங்காமல் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன்.